உரிமையாளர் சொத்தா, கிளப் வருமானமா? நியூகாசில் யுனைடெட்டை வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

திருநெல்வேலிச் சீமையில் கால்பந்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அது கடைசியில் ஒரே ஆசையில் போய் முடிகிறது: "வசதியான ஒருவர் கையில் எடுத்தால் நம் அணி எங்கேயோ போய்விடும் அண்ணாச்சி." பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்து ஓரத்திலும் இதைக் கேட்கலாம், உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி மணலிலும் கேட்கலாம். அந்த வசதியான ஆள் பெரும்பாலும் மும்பையில் கடை வைத்திருப்பவர், அல்லது வளைகுடாவில் சம்பாதித்துத் திரும்பியவர். ஜெர்சி, பந்து, வேன் வாடகை, வெளியூர் ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் தொகை எல்லாம் அவர் மடியிலிருந்து வரும். வருகிற வரைக்கும் அணி ஜெயிக்கும்.

இந்த நம்பிக்கை சரியா என்று உலகமே பார்க்கச் சோதிக்கப்பட்ட ஊர் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் ஆற்றங்கரையில், நிலக்கரியாலும் கப்பல் கட்டும் தொழிலாலும் வளர்ந்த நியூகாசில். 2021 அக்டோபர் 7 அன்று அந்த ஊர்க் கிளப்பை, சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியத்தைத் தலைமையாகக் கொண்ட குழு ஒன்று வாங்கியது. விலை சுமார் 305 மில்லியன் பவுண்டு என்று செய்தி வந்தது. நிதியத்தின் பங்கு 80 சதவீதம். ஒரு நாட்டின் எண்ணெய்ச் செல்வமே உரிமையாளராக வந்துவிட்டது என்று ரசிகர்கள் செயின்ட் ஜேம்ஸ் பார்க் வாசலில் கூடி ஆடிப் பாடினார்கள். அன்றைக்கு அணி இருபது அணிகளில் பத்தொன்பதாவது இடத்தில், ஒரு வெற்றிகூட இல்லாமல் கிடந்தது.

இந்தக் கிளப்பை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. உரிமையாளரின் சொத்தும் கிளப்பின் சொந்த வருமானமும் இவ்வளவு தூரம் விலகி நிற்கும் இடம் பெரிய லீக்குகளில் வேறில்லை. அதனால் அணியை மேலே தூக்குவது இரண்டில் எது என்று இங்கே பிரித்துப் பார்க்க முடிகிறது.

முதல் ஜனவரி

2022 ஜனவரியில் நியூகாசில் ஏறக்குறைய 90 மில்லியன் பவுண்டு செலவழித்து டிரிப்பியர், புரூனோ கிமாரெஸ், டான் பர்ன், கிறிஸ் வுட் ஆகியோரைக் கொண்டுவந்தது. புதிய பயிற்சியாளர் எடி ஹவ் அணியைப் பதினொன்றாவது இடத்தில் முடித்துக் காட்டினார். பணம் வந்தது, வெற்றி வந்தது என்று எல்லோரும் கணக்கை அத்தோடு மூடிவிட்டார்கள்.

மூடியது அவசரம். இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் அப்போது லாப-நிலைத்தன்மை விதிகள் என்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒரு கிளப் மூன்று ஆண்டுகளில் சேர்த்து 105 மில்லியன் பவுண்டுக்கு மேல் நட்டம் காட்டக்கூடாது. அதிலும் 15 மில்லியனுக்கு மேற்பட்ட நட்டத்தை உரிமையாளர் தன் சொந்த முதலைப் போட்டு ஈடுகட்ட வேண்டும். மைதானம், இளையோர் பயிற்சிக்கூடம், பெண்கள் அணி ஆகியவற்றுக்குச் செய்யும் செலவு இந்தக் கணக்கில் சேராது. ஆக, உரிமையாளர் தன் பணத்தில் மைதானம் கட்டலாம், பயிற்சிக்கூடம் கட்டலாம். ஆட்டக்காரரின் விலையையும் சம்பளத்தையும் மட்டும் கிளப்பின் வருமானமே பெரும்பாலும் சுமக்க வேண்டும். மீறினால் புள்ளிகள் பறிபோகும். 2023-24 பருவத்தில் எவர்டனும் நாட்டிங்ஹாம் பாரஸ்டும் அப்படி இழந்தன.

அப்படியென்றால் அந்த 90 மில்லியன் எப்படிச் சாத்தியமானது? முந்தைய உரிமையாளர் மைக் ஆஷ்லியின் சிக்கனத்தால். அவர் காலத்தில் ரசிகர்கள் வெறுத்த அதே கைச்சுருக்கம்தான் நட்டக் கணக்கில் இடம் விட்டு வைத்திருந்தது. புதியவர்கள் அந்த இடத்தை அந்த ஜனவரியிலிருந்தே வேகமாக நிரப்பத் தொடங்கினார்கள். சேமிப்பு ஒருமுறை கரைந்த பிறகு, உரிமையாளரின் பெட்டி எவ்வளவு பெரிதானாலும் கிளப்பின் கை அதற்குள் எட்டவில்லை.

வரவு ஏறிய விதம்

2021-22 இல் நியூகாசிலின் வருமானம் 180 மில்லியன் பவுண்டு. அடுத்த ஆண்டு 250. அதற்கடுத்த 2023-24 இல் 320, நம் பணத்தில் 3,300 கோடி ரூபாய்க்கு மேல். இடையில் 2022-23 இல் நான்காவது இடம் பிடித்து, ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி பெற்றார்கள். பாரிஸ் அணியைச் சொந்த மைதானத்தில் 4-1 என்று வென்ற இரவின் ஆரவாரத்துக்குப் பின்னால் டிக்கெட் வருமானமும், ஐரோப்பிய ஒளிபரப்புப் பங்கும், புதிய ஜெர்சி விளம்பர ஒப்பந்தமும் இருந்தன.

இவ்வளவு ஏறியும் அதே 2023-24 இல் மான்செஸ்டர் சிட்டி ஈட்டியது 715 மில்லியன். மான்செஸ்டர் யுனைடெட் 662, ஆர்சனல் 616, லிவர்பூல் 614. லிவர்பூலுக்கும் ஆர்சனலுக்கும் உரிமையாளர்கள் அமெரிக்கச் செல்வந்தர்கள். சவூதி நிதியத்தின் பக்கத்தில் நிறுத்தினால் மிகச் சிறியவர்கள். ஆனால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 300 மில்லியன் பவுண்டு வித்தியாசம் அவர்கள் பக்கம் இருந்தது. அந்த வித்தியாசம்தான் சம்பளமாகவும் மாற்று ஆட்டக்காரர்களாகவும் ஆடுகளத்தில் இறங்குகிறது.

சவூதி நிறுவனம் ஒன்று ஜெர்சி விளம்பரத்துக்கு ஆயிரம் மில்லியன் கொடுத்துவிட்டால் போதாதா என்று கேட்கத் தோன்றும். அந்த வழியையும் லீக் அடைத்தது. கிளப் கைமாறிய இரண்டே மாதத்தில், 2021 டிசம்பரில், உரிமையாளரோடு தொடர்புள்ள நிறுவனங்களின் விளம்பரத் தொகை சந்தை மதிப்புக்குள் இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. மற்றக் கிளப்புகளின் பயம் அதில் வெளிப்படையாகவே தெரிந்தது.

2024 ஜூன்

ஆய்வின் மையம் இந்த மாதம்தான். கணக்காண்டு ஜூன் 30 இல் முடிகிறது. முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் 70 மில்லியனைத் தாண்டிய நட்டம். ஜூன் முடிவதற்குள் வரவு காட்டியே தீரவேண்டும். யாங்குபா மிந்தே பிரைட்டனுக்கும், எலியட் ஆண்டர்சன் நாட்டிங்ஹாம் பாரஸ்டுக்கும் விற்கப்பட்டார்கள்.

ஆண்டர்சன் அந்த ஊர்ப் பையன். நியூகாசில் பயிற்சிக்கூடத்திலேயே வளர்ந்தவர், அந்தக் கிளப்பின் ரசிகர். விற்கப்பட்டவர் ஏன் அவராக இருக்க வேண்டும் என்பதில்தான் கணக்கியலின் கொடுமை இருக்கிறது. வெளியிலிருந்து 50 மில்லியனுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஒருவரை வாங்கினால், அந்த விலை ஆண்டுக்குப் பத்து மில்லியனாகப் பிரித்து எழுதப்படும். இரண்டாண்டு கழித்து அவரை 50 மில்லியனுக்கே விற்றால், எழுதாமல் மீதி நிற்கும் 30 போக 20 மட்டுமே லாபம். சொந்தப் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்தவருக்கு வாங்கிய விலையே கிடையாது. ஆகவே அவரை விற்ற தொகை, சுமார் 35 மில்லியன், முழுக்க லாபம். விதியைக் காப்பாற்ற மிக எளிய வழி ஊர்ப் பிள்ளையை விற்பது என்று ஆகிவிட்டது. கால்பந்து உலகின் மிகப் பெரிய பணப்பெட்டியை வைத்திருந்த கிளப் அதைத்தான் செய்தது. பிற்பாடு அவர் இங்கிலாந்து தேசிய அணிக்கே ஆடப் போனார். இந்த விதியின் நோக்கத்தை ஆதரிக்கிற எனக்கும் இந்த ஒரு விளைவு நியாயமாகப் படவில்லை. ஊர் ஆட்டக்காரரை வைத்துக்கொள்ளும் கிளப்புக்கு விதி சலுகை தந்திருக்க வேண்டும். அது விற்கும் கிளப்புக்கு லாபம் தந்தது.

2025 மார்ச் 16 அன்று லிவர்பூலை 2-1 என்று வீழ்த்தி நியூகாசில் லீக் கோப்பையை வென்றது. 1955 க்குப் பிறகு உள்நாட்டில் அவர்கள் வென்ற முதல் பெரிய கோப்பை. முதல் கோலை அடித்தவர் டான் பர்ன், பக்கத்து ஊரில் பிறந்தவர். இந்த வெற்றியில் உரிமையாளரின் பணத்துக்குப் பங்கில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அதே ஆண்டு கோடையில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இறுதிப் போட்டியில் இரண்டாவது கோலை அடித்த அலெக்சாண்டர் இசாக், தோற்ற அணியான லிவர்பூலுக்கே 125 மில்லியன் பவுண்டுக்குப் போனார். வருமானத்தில் பெரிய கிளப் அழைத்தது, செல்வத்தில் பெரிய உரிமையாளரால் அவரைத் தக்கவைக்க முடியவில்லை.

மற்ற இடங்களில் இது எப்படி

பொருளியல் அறிஞர் ஸ்டீபன் சிமான்ஸ்கி ஆங்கிலக் கிளப்புகளின் கணக்குகளைப் பல ஆண்டுகளுக்கு எடுத்துப் பார்த்துக் கண்டது இது: நீண்ட காலச் சராசரியில் ஒரு கிளப் லீக்கில் எங்கே நிற்கும் என்பதைச் சம்பளச் செலவே பெருமளவு சொல்லிவிடுகிறது. ஆட்டக்காரரை வாங்கக் கொடுத்த விலை அந்த அளவுக்குச் சொல்லவில்லை. சம்பளத்தை ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் வருவதும் வருமானம்தான்.

ரியல் மாட்ரிட்டுக்கு உரிமையாளர் என்று ஒருவர் இல்லை. உறுப்பினர்களின் சங்கம் அது. ஆண்டு வருமானத்தில் நூறு கோடி யூரோவைத் தாண்டிய முதல் கால்பந்துக் கிளப்பும் அதுவே, 2023-24 இல். அதே பருவத்தில் பதினைந்தாவது ஐரோப்பியக் கோப்பையையும் வென்றது. பேயர்ன் மியூனிக்கின் 75 சதவீதம் உறுப்பினர் சங்கத்திடம் இருக்கிறது. 2013 முதல் 2023 வரை தொடர்ந்து பதினொரு முறை ஜெர்மன் லீக்கை வென்றது. பார்சிலோனாவும் உறுப்பினர் கிளப்தான். அங்கே பாடம் மறுபக்கத்திலிருந்து வந்தது. ஸ்பெயின் லீக்கில் ஆட்டக்காரர் செலவுக்கான வரம்பு கிளப்பின் வருமானத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. 2021 ஆகஸ்டில், மெஸ்ஸியை வைத்துக்கொண்டால் சம்பளம் வருமானத்தின் 110 சதவீதம் ஆகிவிடும் என்று தலைவர் லபோர்ட்டா சொன்னார். மெஸ்ஸி கண்ணீரோடு வெளியேறினார். நம் ஊரில் நீல-சிவப்பு ஜெர்சி போட்டுத் திரிந்த பையன்களில் பலர் அன்றுதான் முதன்முதலாகக் கால்பந்துக் கணக்கைப் பற்றிப் பேசினார்கள்.

செல்சியையும் மான்செஸ்டர் சிட்டியையும் எதிர்வாதமாக எடுத்து வைப்பார்கள். வைக்க வேண்டியதுதான். 2003 இல் ரஷ்யச் செல்வந்தர் அப்ரமோவிச் செல்சியை வாங்கினார். இரண்டே ஆண்டில் லீக் பட்டம். 2022 இல் அவர் விலகியபோது கிளப்புக்குக் கொடுத்த சுமார் 1.5 பில்லியன் பவுண்டு கடனை விட்டுக்கொடுத்தார். 2008 இல் அபுதாபி கைக்கு வந்த சிட்டி 2012 இல் பட்டம் வென்றது. ஆனால் இவை இரண்டும் கட்டுப்பாட்டு விதிகள் வருவதற்கு முன் திறந்திருந்த வாசல் வழியாக உள்ளே போனவை. அதன் பிறகு சிட்டி தன்னை உலகின் மிகப் பெரிய வருமானக் கிளப்புகளில் ஒன்றாக ஆக்கிக்கொண்டது. அந்த விளம்பர வருமானத்தில் உரிமையாளர் பணம் மறைந்திருக்கிறதா என்பது 2023 பிப்ரவரியில் லீக் சுமத்திய நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகளில் ஒரு பகுதி. கிளப் எல்லாவற்றையும் மறுக்கிறது. உரிமையாளர் பணத்தை வருமானம் என்று காட்டினால்தான் அதற்குப் பயன் என்பதை இந்த வழக்கே சொல்கிறது.

வருமானம் இருந்தால் வெற்றி நிச்சயமா என்றால், இல்லை. மான்செஸ்டர் யுனைடெட் 2024-25 இல் 666 மில்லியன் பவுண்டு ஈட்டி லீக்கில் பதினைந்தாவது இடத்தில் முடிந்தது. தப்பான ஆட்களுக்குத் தப்பான சம்பளம். 2015-16 இல் சிறிய கிளப்பான லெஸ்டர் லீக் பட்டத்தையே வென்று எல்லாக் கணக்கையும் பொய்யாக்கியது. ஆனால் அதை மறுபடி செய்ய அவர்களால் முடியவில்லை. வருமானம் ஒரு கிளப் எவ்வளவு உயரம் வரை போகலாம் என்பதைச் சொல்கிறது. போவதும் போகாததும் நடத்துகிறவர் கையில்.

உரிமையாளர் பணத்தை மட்டும் நம்பியவர்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரஷ்யாவின் அன்ஷி மகாச்கலா 2011 இல் கேமரூன் நட்சத்திரம் எட்டோவை அழைத்து வந்தது. 2013 இல் உரிமையாளர் பணத்தை நிறுத்தினார். 2014 இல் கீழ்ப்பிரிவுக்கு விழுந்தது. 2022 இல் கிளப்பே கலைந்தது. 2008 இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற போர்ட்ஸ்மவுத் 2010 இல் திவால் நிர்வாகத்துக்குள் போனது.

இந்தியாவும் தாழையூத்தும்

நம் நாட்டில் இந்தக் கதை இன்னும் கசப்பானது. 1996-97 இல் முதல் தேசியக் கால்பந்து லீக்கை வென்றது பஞ்சாப் மாநிலம் பக்வாராவின் ஜே.சி.டி. ஆலை அணி. 2011 இல் அது கலைக்கப்பட்டது. 2005-06 இல் அதே லீக்கை வென்ற மகிந்திரா யுனைடெட் 2010 இல் மூடப்பட்டது. மகிந்திரா குழுமத்திடம் அன்றும் பணம் இருந்தது, இன்றும் இருக்கிறது. அணிக்கென்று வரவு இல்லை, அவ்வளவுதான். கோவையைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி 2018-19 இல், அந்தத் தேசிய லீக்கின் வழிவந்த ஐ-லீக் பட்டத்தை வென்றபோது தமிழ்நாடே பெருமைப்பட்டது. சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கை வாங்கியது. 2021-22 ஐ-லீக்கில் அந்த அணி இல்லை.

2025 கோடையில் இந்தியன் சூப்பர் லீக் எனும் ஐ.எஸ்.எல். நடத்தும் உரிமை ஒப்பந்தம் முடியும் தறுவாயில் லீக் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தற்காலிகமாகச் செயல்பாட்டை நிறுத்தியது, பெங்களூரு எஃப்.சி. முதல் அணியின் சம்பளத்தை நிறுத்தி வைத்தது. பெங்களூருவின் உரிமையாளர் ஜே.எஸ்.டபிள்யூ. குழுமம், நாட்டின் பெரிய எஃகு நிறுவனங்களில் ஒன்று. எஃகுக் குழுமத்தின் செல்வம் ஒரு மாதச் சம்பளத்துக்கு உத்தரவாதம் ஆகவில்லை.

இதற்கு நேர் மாறான சான்று நம் வாசலிலேயே இருக்கிறது, கிரிக்கெட்டில். திருநெல்வேலியை அடுத்த தாழையூத்தில், சங்கர் நகரில், 1949 இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸ் 2008 இல் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை 91 மில்லியன் டாலருக்கு வாங்கியது. பின்னர் அணி தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டது. 2022 இல் அந்த அணி நிறுவனத்தின் மதிப்பு அதைப் பெற்ற சிமெண்ட் கம்பெனியின் சந்தை மதிப்பையே தாண்டியதாகச் செய்தி வந்தது. 2024 டிசம்பரில் சிமெண்ட் கம்பெனி அல்ட்ராடெக் கைக்குப் போய்விட்டது. அணிக்கு ஒன்றும் ஆகவில்லை. 2023 முதல் 2027 வரை ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்றிருக்கிறது. அதில் எல்லா அணிகளுக்கும் பங்கு உண்டு. ஐ.பி.எல்லில் ஆட்டக்காரர் ஏலத்தில் செலவழிக்கும் வரம்பு எல்லா அணிக்கும் ஒன்றே என்பதால், வெற்றிக்கு உதாரணமாக இதை நான் சொல்லவில்லை. நிலைத்து நிற்பதற்குச் சொல்கிறேன். சங்கர் நகர் மைதானத்தில் டி.என்.பி.எல். ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள் அந்தப் பக்கத்து ஆலையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் பக்கத்து அணிகள்

நம் ஊர்க் கோயில் கொடையை எண்ணிப் பாருங்கள். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு நடத்தும் கொடை தலைமுறை தலைமுறையாக நிற்கிறது. ஒருவரே முழுச் செலவையும் ஏற்கும் ஆண்டில் வில்லுப்பாட்டும் வாணவேடிக்கையும் கூடுதலாக இருக்கும். அவர் வராத ஆண்டில் ஊர் திகைத்து நிற்கும், ஏனென்றால் வரி பிரிக்கும் பழக்கமே விட்டுப்போயிருக்கும். கால்பந்து அணிக்குப் புரவலர் தரும் பணத்தின் ஆபத்தும் அதுதான். பணம் வந்ததில் குற்றமில்லை, அது வந்த காலத்தில் வேறு வரவு எதுவும் கட்டப்படாமல் போனதே குற்றம்.

செங்கோட்டை தாண்டி வடக்கே மலப்புறம் வரை போனால் ஏழுபேர் கால்பந்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு இரவில் தற்காலிக கேலரிகளில் ஆயிரக்கணக்கானவர்கள் உட்காருகிறார்கள். அங்கே ஆப்பிரிக்க ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது அந்தக் கேலரிதான். நம் பக்கம் திருவிழாக் காலப் போட்டிகளுக்குக் கூட்டத்துக்குக் குறைவில்லை, ஆனால் பெரும்பாலும் இலவசம். இருபது ரூபாய் டிக்கெட் வைத்தால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். அந்த நினைப்பை விட வேண்டும். புரவலர் கிடைத்தால், அவர் பணத்தை ஆட்டக்காரர் கூலிக்கு எடுக்காமல், விளக்குக் கம்பம், சுற்றுவேலி, உட்காரும் படி ஆகியவற்றுக்கு எடுக்க வேண்டும். பிரீமியர் லீக் விதி செய்ததும் இந்தப் பிரிவினையைத்தான்.

இன்னொரு வரவு நம்மில் பலருக்குத் தெரியாமலே போகிறது. ஒப்பந்தக் காலத்துக்கு இடையில் ஓர் ஆட்டக்காரர் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு விலைக்குப் போகும்போது, அந்த விலையில் 5 சதவீதம் அவரை 12 வயதிலிருந்து 23 வயதுவரை வளர்த்த கிளப்புகளுக்குச் சேரவேண்டும் என்பது ஃபிஃபா விதி. 12 முதல் 15 வயதுவரை ஒவ்வொரு ஆண்டுக்கும் 0.25 சதவீதம், அதற்குப் பிறகு ஆண்டுக்கு 0.5 சதவீதம். ஒரு கோடி ரூபாய் விலையில், பையனை 12 முதல் 15 வயதுவரை நான்கு ஆண்டு வளர்த்த கடற்கரைக் கிளப்புக்கு ஒரு லட்சம். இந்தத் தொகையைப் பிரித்துக் கொடுக்க 2022 நவம்பரிலிருந்து பாரிசில் ஃபிஃபாவின் தனி நிறுவனமே இயங்குகிறது. அது கணக்கிடுவது ஆட்டக்காரரின் மின்னணுப் பதிவை வைத்துத்தான். யார் ஊரில் யார் சொல்லிக் கொடுத்தார் என்று யாரிடமும் கேட்காது. ஆகவே கிளப் சங்கமாகப் பதிவாகியிருக்க வேண்டும், மாவட்டக் கால்பந்துச் சங்கத்தில் சேர்ந்திருக்க வேண்டும், பையன்களின் பெயர் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் மையப் பதிவில் அந்தக் கிளப்பின் பெயரோடு ஏறியிருக்க வேண்டும். வரும் கோடைப் பயிற்சி முகாமுக்கு வரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் முதல் நாளே வாங்கி, இந்த வேலையைத் தொடங்கிவிடலாம்.